ஆள்காட்டி கூப்பிட்ட பெயர்

நாச்சிமுத்துவைத் தேடித் தேடிக் களைத்துப்போன தீயணைப்புக்காரர்கள் தங்கள் ரப்பர் படகைக் காற்று இறக்கிச் சுருட்டி வண்டியில் போட்டுக்கொண்டு போன மறுநாள் காலையில்தான், சின்னாண்டி குளத்து ஆள்காட்டிப் பறவை மனிதர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தது. ஏன் அன்றைக்கு, ஏன் அந்தப் பறவை என்றெல்லாம் கேட்டால் எங்களிடம் பதில் இல்லை. கோயமுத்தூரில் எத்தனையோ குளங்கள் இருக்கின்றன, எல்லாக் குளத்திலும் ஆள்காட்டி இருக்கிறது, எல்லாமே ஆளைக் கண்டால் கத்தத்தான் செய்கின்றன; எங்கள் குளத்துப் பறவை கொஞ்சம் விவரமாகக் கத்தியது, அவ்வளவுதான்.

கண்ணோரம் சிவப்புச் சதையும் குச்சிக் குச்சியாக மஞ்சள் காலும் கொண்ட பறவை அது. வெறுந்தரையில் முட்டையிட்டுவிட்டு, கரையில் யார் கால் வைத்தாலும் எழும்பி வட்டமடித்து ஊரைக் கூட்டும். வேட்டைக்காரன் எவ்வளவு பதுங்கி வந்தாலும் இதோ ஆள், இதோ ஆள் என்று மற்ற பறவைகளுக்குக் காட்டிக் கொடுத்துவிடும் என்பதால் அந்தக் காலத்திலேயே அதற்கு ஆள்காட்டி என்று பெயர் வைத்துவிட்டார்கள். வைத்த பெயருக்கு விசுவாசமாக அது நடந்துகொண்டதில் தப்பு சொல்ல என்ன இருக்கிறது?

முதலில் கூப்பிடப்பட்டவர் எட்வின் சார். நாசரேத் பக்கத்திலிருந்து வந்து இங்கே கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறவர், எங்கள் ஞாயிற்றுக்கிழமைப் பறவைக் குழுவுக்குத் தலைவர். குழு என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. பொழுது விடிகிற நேரத்துக்குக் குளத்துக்கரையில் கூடுவது, ஆளுக்கு ஓர் இனத்தைப் பங்கு போட்டுக்கொள்வது, நாமக்கோழி எத்தனை, முக்குளிப்பான் எத்தனை, கூழைக்கடா எத்தனை என்று எண்ணி எட்வின் சாரின் கைப்பேசிச் செயலியில் ஏற்றுவது, பிறகு யூசுப் பாய் கடையில் டீ குடிப்பது, இவ்வளவுதான் எங்கள் தொண்டு. அன்றைக்கு அவர் நாமக்கோழிக் கூட்டத்தைப் பத்துப் பத்தாக எண்ணிக்கொண்டிருந்தபோது தலைக்கு மேலே "எய்யா! எய்யா!" என்று யாரோ கூப்பிட்டார்கள். எண்ணிக்கை தவறிப்போய் அவர் திரும்பிப் பார்த்தார், பின்னால் யாருமில்லை, மேலே ஆள்காட்டி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. உலகத்தில் அவரை அப்படிக் கூப்பிடுகிறவர் நாசரேத்தில் முழங்கால் வலியோடு உட்கார்ந்திருக்கும் அவருடைய அம்மா ஒருத்தர்தான். எட்வின் சார் தொலைநோக்கியைக் கீழே வைத்துவிட்டு முதல் வேலையாக அம்மாவுக்குப் போன் போட்டு மாத்திரை போட்டாச்சா என்று கேட்டார்.

அடுத்து யூசுப் பாய் பால் கேனோடு கரையேறி வந்தார், பறவை அவரை "அத்தா" என்றது, அவருடைய மகள் கூப்பிடும் அதே இழுவையோடு. நடைப்பயிற்சிக்கு வந்த, வார்டே நடுங்கும் ஓய்வுபெற்ற சார்பதிவாளரை "லட்டு" என்றது. குளத்தைப் பார்வையிட வெள்ளைச் சட்டையில் வந்து இறங்கிய கவுன்சிலரை, கட்சிக்காரர்கள் நாலு பேர் சுற்றி நிற்கும்போதே, "மூக்கொழுகி, மூக்கொழுகி" என்று மூன்று சுற்றுச் சுற்றிக் கூப்பிட்டது. அவர் கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே எங்க அக்கா இன்னும் மறக்கல போலிருக்குது என்று முணுமுணுத்துவிட்டு, அந்த வாரமே பல வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத அக்கா வீட்டுக்குப் பழத்தட்டோடு போனதாகக் கேள்வி.

இரண்டு ஞாயிற்றுக்குள் ஊருக்கு இது பழகிப்போனது. எங்கள் ஊர் எதற்கும் பழகும், பாலம் கட்டுகிறேன் என்று தோண்டிப் போட்ட ரோட்டுக்கே பழகிய ஊர் இது. யூசுப் பாய், கரை மேட்டில் எந்தப் பெயர் கேட்கிறது என்று காதைத் தீட்டி வைத்துக்கொண்டு, ஆள் வந்து சேர்வதற்குள் லட்டுக்குச் சர்க்கரை இல்லாத டீயும் மூக்கொழுகிக்கு இஞ்சி டீயும் ஆற்றி வைத்தார். ஆட்டோவில் கோழிக்கழிவு மூட்டையைக் கொண்டுவந்து குளத்தில் தள்ளுகிறவர்கள், தங்கள் செல்லப் பெயர் கரை முழுக்க ஒலிப்பதைத் தாங்கமாட்டாமல் வேறு ஊர் பார்த்துப் போனார்கள். காதலிக்கிற பிள்ளைகளும் பாவம் அப்படியே போனார்கள். ஜோசியர் ஒருவர் பறவைக்குப் பலன் எழுதினார். எட்வின் சார் மட்டும் முறைப்படி செயலியில் 'ஆள்காட்டி ஒன்று, பெயர் சொல்லி அழைத்தது' என்று பதிவு செய்தார். பதிவுகளைச் சரிபார்க்கிற எங்கேயோ இருக்கிற ஒருவர், 'இந்த இனத்துக்கு இந்தக் குரல் இந்தப் பகுதியில் இதுவரை பதிவாகவில்லை, ஆதாரம் தேவை' என்று திருப்பி அனுப்பினார். ஒலியைப் பதிவு செய்து அனுப்பினால் அதில் வெறும் பறவைச் சத்தம்தான் கேட்டது. கூப்பிடப்பட்டவனுக்கும் கூட நிற்பவனுக்கும் கேட்டது கருவிக்குக் கேட்கவில்லை என்றால் அது கருவியின் கோளாறு என்று நாங்கள் விட்டுவிட்டோம்.

பஞ்சாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற தாமோதரன் என்று ஒருவர் இருக்கிறார், கல்யாணம் ஆகாதவர், கூடப் பிறந்தவர்களும் இல்லை. தினமும் குளத்தைச் சுற்றி நடக்கிறவர். அவர் வந்தால் மட்டும் பறவை எழும்பும், வட்டமடிக்கும், அலகைத் திறக்கும், ஒன்றும் சொல்லாமல் இறங்கிவிடும். முதல் நாள் அவர் சிரித்துவிட்டுப் போனார். அப்புறம் பறவைக்குத் தன்னைத் தெரியவில்லையோ என்று நின்று இருமிக் காட்டினார். அதற்கப்புறம் அந்தப் பக்கமே நடக்காமல் ரோட்டோரம் போக ஆரம்பித்தார். யூசுப் பாய்தான் முதலில் "மாமா இன்னும் வரலியே, மாமாவுக்கு வடை எடுத்து வைங்க" என்று சொல்லத் தொடங்கினார், கடைக்கு வருகிற எல்லோரும் மாமா எங்கே, மாமாவுக்கு உடம்பு சரியில்லையா, மாமா இன்றைக்குப் புதுச் சட்டையா என்று பிடித்துக்கொண்டார்கள். முதலில் வேண்டுமென்றேதான் சொன்னோம், போகப்போக அவர் வராத நாள் எங்களுக்கே ஒரு மாதிரி இருந்தது. ஒருநாள் காலையில் பறவை அவர் தலைக்கு மேலே "மாமா!" என்று கத்தியது. தாமோதரன் அப்படியே கரை மேட்டில் உட்கார்ந்து, துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதுவிட்டு, எழுந்துவந்து இரண்டு டீ குடித்தார்.

அன்றைக்குத்தான் எட்வின் சார் கண்டுபிடித்துச் சொன்னார். "இது பேரு சொல்லுதுன்னு நாம நெனைக்கோம். அப்படி இல்ல பாத்துக்கிடுங்க. ஒரு ஆளை யாரு ரொம்ப நெனைக்காங்களோ, அவங்க வாயில என்ன கெடக்கோ அதைத்தான் எடுத்துச் சொல்லுது."

எல்லோரும் தலையாட்டினோம். ஆட்டிவிட்டு, நாங்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் கீழ்க்கரைப் படித்துறையைத் திரும்பிப் பார்த்தோம். அங்கே கலாமணி உட்கார்ந்திருந்தாள்.

கலாமணி நாச்சிமுத்துவின் மனைவி. நாச்சிமுத்து மெயின் ரோட்டில் மோட்டார் வைண்டிங் பட்டறை வைத்திருந்தவர், எங்கள் குழுவில் ஒருவர், எண்ணிக்கையில் கறாரானவர். தை மாதத்தில் ஒரு விடியற்காலை அவர் தனியாகக் குளத்துக்குப் போய், மேல்கோடியில் ஒரு பட்டைத்தலை வாத்தைப் பார்த்ததாகச் சொன்னார். இமயமலையைத் தாண்டிப் பறந்து வருகிற, தலையில் இரண்டு கறுப்புப் பட்டை போட்ட வாத்து அது. எங்கள் குளத்தில் யாரும் பார்த்ததில்லை. செய்தித்தாளில் அவர் படம் வந்தது. வெளியூரிலிருந்தெல்லாம் காரில் வந்து இறங்கினார்கள், ஆளுயரக் கேமராக்களோடு இரண்டு நாள் காத்துக் கிடந்தார்கள். மூன்றாம் நாள் கோரைக்குள்ளிருந்து வெளியே வந்தது ஒரு வீட்டு வாத்து. பக்கத்துத் தோட்டத்து வெள்ளை வாத்து, வண்டி கழுவுகிற இடத்து ஓடையில் தலையை விட்டு, கறுப்பு எண்ணெய் பட்டை பட்டையாக ஒட்டியிருந்தது.

"நான் பாத்தது இது இல்லீங்க" என்று நாச்சிமுத்து சொன்னார். யார் கேட்டார்கள்? வாட்ஸப் குழுவில் சிரித்துக் கண்ணீர் விடும் முகங்கள் வரிசையாக வந்து விழுந்தன. மோட்டார் கொண்டுவந்தவர்கள் என்ன பட்டைத்தலை, வைண்டிங் கட்டியாச்சா என்றார்கள். ஒரு வாரத்தில் நாச்சிமுத்து என்ற பெயரே ஊரில் வழக்கொழிந்து பட்டைத்தலை என்பதே நின்றது. அவர் வெளியே தலை காட்டுவதை நிறுத்தினார். பிறகு ஒரு காலையில் அவருடைய செருப்பு மட்டும் படித்துறைக் கடைசிப் படியில் ஜோடியாக இருந்தது. குளத்துப் படியில் ஜோடியாகச் செருப்பு இருந்தால் அதற்கு எங்கள் ஊரில் ஒரே அர்த்தம்தான். போலீஸ் வந்தது, தீயணைப்புப் படகு வந்தது, தண்ணீரைச் சல்லடை போட்டுத் தேடியும் ஆள் கிடைக்கவில்லை. சேறு ஆழம், உள்ளே வாங்கியிருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

கலாமணி அதை நம்பவில்லை, நம்பாமலும் இல்லை. தினமும் விடிவதற்கு முன்னால் வந்து அந்தப் படியில் உட்கார்ந்துகொள்வாள். பறவை அவளைப் பார்த்து, ஓசூரில் கட்டிக்கொடுத்த மகளின் குரலில் "அம்மா, அம்மா" என்று கத்தும். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கமாட்டாள். காது மட்டும் தண்ணீர்மேல் இருக்கும். செத்தவர்களை அந்தப் பறவை கூப்பிட்டதே இல்லை என்பது எங்களுக்கெல்லாம் தெரிந்திருந்தது, அவளுக்கும் தெரிந்திருந்தது. அவர் உயிரோடு இருந்து இந்தக் கரையில் ஓர் அடி வைத்தால் போதும், பறவை சொல்லிவிடும். சொல்லாத ஒவ்வொரு நாளும் அவளுக்கு ஒரு நாள் குறைந்தது.

நாச்சிமுத்துவின் அண்ணன் அன்னூரிலிருந்து வந்தார். நல்ல மனிதர்தான், ஆனால் எதையும் முடித்துவிட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போகவேண்டும் என்கிற அவசரக்காரர். "மாசம் தாண்டிப் போச்சு, அம்மணி. வர்ற அமாவாசைக்குத் தர்ப்பைல ஆள் பண்ணிவெச்சுக் காரியத்த முடிச்சுப் போடலாம். அவன் ஆத்மா குளத்துலயே கெடந்து அலையக்கூடாது பாரு" என்றார். காரியம் என்றால் தர்ப்பையை எரிப்பதோடு முடியுமா? கலாமணியின் கழுத்தில் கிடப்பதும் அன்றோடு இறங்கும். அவள் தாலிக்கொடியை ரவிக்கைக்குள் தள்ளிவிட்டுக்கொண்டாள்.

அமாவாசை நெருங்க நெருங்க ஊரே காதைத் தீட்டியது. செய்த பாவத்துக்குப் பிராயச்சித்தம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கரையைச் சுற்றி ஆள் நின்றோம், நாச்சிமுத்து என்று கேட்கிறதா, நாச்சி என்று கேட்கிறதா என்று. அவருடைய அம்மா உயிரோடு இருந்தபோது ராசு என்று கூப்பிடுவார் என அண்ணன் சொன்னதால் ராசு என்ற பெயருக்கும் காத்திருந்தோம். பட்டைத்தலை என்று கேட்டுவிடுமோ என்று உள்ளுக்குள் பயந்துகொண்டும் நின்றோம், கேட்டால் கலாமணி முகத்தில் எப்படி விழிப்பது? எதுவுமே கேட்கவில்லை. லட்டு கேட்டது, மாமா கேட்டது, ஊரில் இருக்கிற அத்தனை கண்ணும் தங்கமும் சாமியும் கேட்டன. நாச்சிமுத்து மட்டும் கேட்கவில்லை.

அமாவாசைக்கு முந்தைய ஞாயிறு வழக்கம்போல எண்ணிக்கை முடிந்து கடையில் உட்கார்ந்திருந்தோம். அண்ணன் அன்னூரிலிருந்து சாமான் பட்டியலோடு வந்துவிட்டார். கலாமணியை யூசுப் பாய் வற்புறுத்திப் படித்துறையிலிருந்து கூட்டிவந்து பெஞ்சில் உட்காரவைத்து டீயைக் கையில் கொடுத்திருந்தார். இந்த மாதிரிச் சமயங்களில் எதையாவது பேசிச் சூழலை லேசாக்க வேண்டும் என்று நினைக்கிற நல்ல மனசு எட்வின் சாருக்கு.

"எல்லாம் ஒங்க ஊர்க் கொணம்தான்" என்றார். "மேல்கோடிப் பக்கம் விடியக்காலம் போனோம்னா அந்தப் பறவை பேரே சொல்ல மாட்டேங்கு. ஏனுங்க, ஏனுங்கங்குது. எங்க ஊர்னா ஏலேன்னு கூப்பிட்டிருக்கும். கோயமுத்தூர்ல பறவைக்குக்கூட மரியாதை தெரிஞ்சிருக்கு பாத்துக்கிடுங்க."

நாங்கள் மெல்லச் சிரித்தோம். எங்களுக்கும் அது பழக்கம்தான். மேல்கோடிக் கோரைப் பக்கம் போகும்போதெல்லாம் ஏனுங்க என்று கேட்கும், நாங்களும் சொல்லுங்க என்று பதிலுக்குச் சொல்லிவிட்டு எண்ணிக்கையைப் பார்ப்போம். கடையில், பஸ்ஸில், ஆபீஸில், முன்பின் தெரியாதவனை நிறுத்தி வழி கேட்பதற்கு எங்கள் ஊரில் இருக்கும் சொல்லே அதுதானே. அதில் யோசிக்க என்ன இருக்கிறது?

கலாமணி சிரிக்கவில்லை. டீ கிளாஸைப் பெஞ்சில் வைத்தாள். "ஏனுங்க சார், யாரப் பாத்துங்க அப்படிக் கூப்புட்டுது?"

"எங்களைத்தான், அக்கா. வேற யாரு இருக்கா அங்க?"

"உங்களத்தான் அது எய்யான்னு கூப்புடுமே."

எட்வின் சார் மேல்கோடிப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"பாய அத்தாங்குது. இவரு மாமா, அவரு லட்டு. உங்க கூட்டத்துல ஆராரு உண்டோ எல்லாத்துக்கும் ஒரு பேரு வெச்சிருக்குது. அப்பறம் ஏனுங்கங்கறது ஆரு?"

கடையில் பால் பொங்கி அடுப்பில் வழிந்தது, யூசுப் பாய் அதைக் கவனிக்கவில்லை. எங்கள் ஊரில் புருஷனை ஏனுங்க என்று கூப்பிடாத கலாமணி வயசுப் பெண்டாட்டி யார்? எல்லோர் வீட்டிலும் அதுதான் கேட்கிறது. ஆனால் எங்களில் ஒருவரையாவது பறவை அப்படிக் கூப்பிட்டதா என்றால் இல்லை. எங்களை நினைக்க அம்மா இருந்தாள், மகள் இருந்தாள், சண்டை போட்ட அக்கா இருந்தாள். பெண்டாட்டி விழுந்து விழுந்து நினைக்கும் அளவுக்கு நாங்கள் யாரும் காணாமல் போனதில்லை. நாச்சிமுத்து என்றும் ராசு என்றும் காத்துக் கிடந்தோமே தவிர, நீங்கள் அவரை என்னவென்று கூப்பிடுவீர்கள் என்று ஒருத்தராவது கலாமணியைக் கேட்டோமா? கேட்கத் தோன்றவே இல்லை. புருஷன் பெயரை அவள் சொல்லமாட்டாள் என்பது தெரியும், சொல்லாத பெயரைப் போய் என்னவென்று கேட்பது?

"நான் அவிக பேரச் சொன்னதே இல்லீங்க" என்றாள் கலாமணி. "இருபத்தஞ்சு வருசமா எனக்கு அவிக ஏனுங்கதான்."

அப்புறம் அவள் உட்காரவில்லை. கொசுவத்தை இழுத்துச் செருகிக்கொண்டு கரையில் ஏறி மேற்கே நடந்தாள், ஓட்டம்தான் அது, அண்ணன் சாமான் பட்டியலைக் கையில் பிடித்தபடியே பின்னால் ஓடினார், எட்வின் சார் ஓடினார், லட்டு தன் வயசையும் சர்க்கரையையும் மறந்து ஓடினார், கடையைத் திறந்தபடி போட்டுவிட்டு யூசுப் பாய் ஓடினார். இத்தனை பேரைக் கண்டதும் பறவை கிளம்பிவிட்டது. எய்யா அத்தா லட்டு மாமா என்று ஒன்றோடொன்று கலந்து ஒரு கல்யாண வீட்டுச் சத்தம் போட்டது. கோரைக் காடு தொடங்குகிற இடத்தில் கலாமணி நின்று எங்கள் பக்கம் திரும்பி, "எல்லாரும் சித்தெ இங்கியே நில்லுங்க சாமி. கூட்டமாப் போனா அவிக வரமாட்டாங்க" என்று கும்பிட்டாள். நின்றோம். மூச்சைக்கூட மெதுவாக விட்டோம்.

நாரையின் காலில் மாட்டிய வளையத்து எண்ணை அக்கரையிலிருந்து படிக்கிற கருவிகளை வைத்துக்கொண்டு ஒரு முழு மனிதரை எப்படித் தவறவிட்டோம் என்று பின்னால் நிறையப் பேர் கேட்டார்கள். மேல்கோடியில் மதகுக்குப் பக்கத்தில் ஓடு சரிந்த பழைய மோட்டார் அறை ஒன்று கோரைக்குள் மறைந்து கிடக்கிறது. அதில் பறவை எதுவும் அடைவதில்லை என்பதால் யாரும் அந்தப் பக்கம் தொலைநோக்கியைத் திருப்பியதில்லை. பரிசல் போட்டு மீன் பிடிக்கிறவர்களுக்கு எல்லாம் தெரியும். அவர்கள்தான் சோறு கொடுத்திருக்கிறார்கள், அவரும் அவர்களுடைய ஓட்டை டார்ச்சையும் பம்பையும் சரிசெய்து கொடுத்திருக்கிறார். எங்களிடம் ஏனய்யா சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "நீங்க தண்ணிக்குள்ளதானுங்களே தேடுனீங்க, எங்ககிட்ட எங்க கேட்டீங்க?" என்றார்கள்.

கலாமணி கோரையை விலக்கிக்கொண்டு முழங்கால் சேற்றில் இறங்கினாள். இரண்டு அடி, மூன்று அடி வைத்திருப்பாள். பறவை எங்களை விட்டுவிட்டு அவள் தலைக்கு மேலே போனது. இத்தனை நாளும் அம்மா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தது, இப்போது ஒரு வட்டம் வந்து, கனமான ஆண்குரலின் சாயலில், "ஏம்புள்ள!" என்றது.

அவள் சேற்றிலேயே நின்றுவிட்டாள். உலகத்தில் அவளை அப்படிக் கூப்பிட ஒரே ஒருத்தர்தான் உண்டு. செத்துப்போனவர் நினைப்பாரா? கோரைக்குள் எங்கேயோ உட்கார்ந்து, அவள் வருவதைப் பார்த்துவிட்டு, அந்த நிமிஷத்தில் மகளைவிட அதிகமாக ஒருவர் அவளை நினைத்திருக்கிறார். கரையில் நின்ற எங்கள் வயிற்றில் பாலை வார்த்த மாதிரி இருந்தது. அண்ணன் கையிலிருந்த சாமான் பட்டியலை நாலாகக் கிழித்துத் தண்ணீரில் போட்டார், எட்வின் சார் குளத்தில் காகிதம் போடக்கூடாது என்று வழக்கமாகச் சொல்கிறவர், அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை.

"ஏனுங்க!" என்று கலாமணி கத்தினாள். "இருக்கீங்களா?"

கோரை அசைந்தது.

"இருக்கேன்" என்றது உள்ளேயிருந்து.

தாடியும் மீன்காரர்கள் கொடுத்த பொருந்தாத டீ-ஷர்ட்டுமாக நாச்சிமுத்து வெளியே வந்து, அவளுக்கும் தனக்கும் நடுவில் இரண்டு ஆள் தூரம் விட்டு நின்றார். தலையை நிமிர்த்தவில்லை. பேசியது எல்லாம் எங்களுக்குத் தெளிவாகக் கேட்டது. தண்ணீர்மேல் சத்தம் நன்றாக வரும், நாங்களும் காதைப் பொத்திக்கொள்ளவில்லை.

"படில செருப்ப விட்டுப்போட்டு எங்க வந்தீங்க?" என்றாள் அவள். அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. "ஊரே உங்களத் தண்ணிக்குள்ள தேடுது!"

"சேத்துல எறங்கறதுக்குச் செருப்பு எதுக்குப் புள்ள?" என்றார் அவர், அதில் கேட்க என்ன இருக்கிறது என்கிற மாதிரி. "அந்த வாத்து இந்தப் பக்கமாத்தான் வந்துது. இங்கயே கெடந்து இன்னொருக்காப் பாத்துப் போட்டோ எடுத்துட்டு வந்தரலாம்னு பாத்தேன். ரெண்டு நாள்னு நெனச்சேன். அப்பறம் படகு, போலீசுன்னு அமக்களமாயிப் போச்சு. அதுக்கப்பறம் எந்திரிச்சு வர்றதுக்கு எனக்குக் காலே வரல."

"ஒரு வார்த்த சொல்லிவிட்டிருக்கக் கூடாதா? மீன்காரன் ஆருகிட்டயாச்சும்? நான் செத்தேனா பொழச்சேனான்னுகூடத் தோணலயா உங்களுக்கு? அமாவாசைக்கு உங்களுக்குக் காரியம் பண்றாங்க, தெரியுமா?"

அதைக் கேட்டதும் அவர் முகம் கோணியது. தண்ணீருக்குள் விழப்போகிறவர் மாதிரி கோரைத் தண்டைப் பிடித்துக்கொண்டார். எங்களில் சிலர் குனிந்துகொண்டோம்.

"ஊரு சிரிச்சது போகட்டும்" என்றார். "உங்கிட்ட எப்படி வர்றது? பேப்பர்ல வந்தத நீ வெட்டி, சாமி படத்துக்குப் பக்கத்துல ஒட்டி வெச்சயே. தெனமும் சாமிக்குக் காட்டற சூடத்த அதுக்கும் ஒரு சுத்துக் காட்டுனயே. அந்த வாத்தே இல்லன்னு ஆனதுக்கப்பறம், அந்தப் படத்துக்கு முன்னால நான் எப்படிப் புள்ள உக்காந்து சோறு திங்கறது?"

கலாமணி மீதி இருந்த இரண்டு ஆள் தூரத்தையும் சேற்றில் தடுமாறி நடந்து கடந்தாள். தலைப்பால் அவர் முகத்தைத் துடைத்தாள், துடைத்த வேகத்தைப் பார்த்தால் அது அடி மாதிரியும் இருந்தது.

"அந்தப் படத்துல வாத்தா இருந்துச்சு?" என்று கேட்டாள். "நீங்கதானே இருந்தீங்க."

பிறகு அவர் கையைப் பிடித்துக் கரைக்குக் கூட்டிவந்தாள்.